இரண்டாவது கயிறு

பாப்பா,

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடு.

நேத்து அந்த சூப்பர்ஹீரோ படம் முழுக்க நான் முணுமுணுத்தேன்னு உனக்குக் கோபம். என்ன பண்ண, கயித்துல தொங்கி மாடிக் கண்ணாடி துடைக்கிறவன் நான். ஒரு வில்லனைப் பிடிக்க அந்த ஹீரோ தெருக் கண்ணாடி மொத்தத்தையும் நொறுக்குறான். கடைசிவரை ஒரு துடைப்பத்தைக்கூடக் காட்டலை.

ஆனா மாடியிலிருந்து விழுந்த ஆளை அவன் பாய்ஞ்சு பிடிச்சப்ப எனக்கும் கைதட்டணும்னு தோணுச்சு. அதை உன்கிட்ட சொல்லியிருக்கணும்.

அப்பா

மறந்துட்டேன்: அந்த இடத்துல நீ ஏன் என் சட்டையை இறுக்கிப் பிடிச்சேன்னு இப்பத்தான் புரியுது. வேலை தாமதமாகும்னு நான் கட்டிக்காம விடுற, விழுந்தா தாங்குற ரெண்டாவது கயித்தை இன்னைக்கு எடுத்துட்டுப் போறேன்.