மடியில் வைத்த தெர்மாகோல்

புதுக்கடை

அன்பு மகன் சுஜினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகம் என்று போனில் சொல்வதை நம்ப முடியாமல்தான் இதை எழுதுகிறேன். போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிற உன் ரூம்காரன் அபிலாஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வாரமாக விடாத மழை, என் போட்டோ ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க ஆளே வரவில்லை.

பெண் வீட்டுக்குக் கொடுக்க நீ அனுப்பிய படம் கிடைத்தது. பய நல்லா தேறிட்டாம் பாத்தியா, கன்னமெல்லாம் வச்சிருக்கு என்று அப்பா சந்தை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். பெற்றவளுக்கு மனது சொல்லும் என்பார்கள், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை மக்கா, நானும் சந்தோஷப்பட்டேன். பிரிண்ட் போடுவதற்காகக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினபோதுதான் உன் கருவிழியில் விழுந்திருக்கும் வெளிச்சங்களைப் பார்த்தேன். மேலே சதுரமாக ஒரு வெளிச்சம், விளக்கின் முன்னால் வெள்ளைத் துணி கட்டி நிழலை இளக்கியிருக்கிறாய், சரி. கீழே இன்னொரு வெள்ளைக் கீற்று எதற்கு? மடியில் தெர்மாகோல் வைத்திருக்கிறாய். காமாலையில் கிடந்து எழும்பியவர்களைப் படம் எடுக்கும்போது நான் அப்படித்தான் வைப்பேன், கீழிருந்து வெளிச்சம் ஏறினால் கண்ணடிக் கறுப்பும் கன்னத்துக் குழியும் நிரம்பிவிடும். பள்ளிக்கூட லீவில் அந்தத் தெர்மாகோலை நீதானே எனக்குப் பிடித்துத் தருவாய். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாயே. போன ஓணத்துக்கு நான் எடுத்துத் தந்த சட்டையின் காலர் கழுத்தைத் தொடாமல் நிற்கிறது, அதை மறைக்க உனக்குத் தெரியவில்லை.

அபிலாஷிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, மாமி, அத அவங்கிட்டயே கேளுங்க என்றான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நோய் என்று தெரியாததால் ஊரில் உள்ள எல்லா நோயும் மனதில் வந்து போகிறது. ஆரல்வாய்மொழியிலிருந்து பெண் சபிதாவின் அம்மா படம் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மெஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் படத்தை நான் கொடுக்க மாட்டேன். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைவிடப் பயம் அதிகம்.

மருந்து தந்திருந்தால் நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் சாயா குடிக்காதே. வேலை போனால் போகட்டும், உடனே ஊருக்கு வந்துவிடு. கல்யாணப் பேச்சையும் நிறுத்திக்கொள்ளலாம், பெண் வீட்டில் நானே பேசுகிறேன். அய்யா வைகுண்டர் உன்னைக் கைவிட மாட்டார், நன்றாக இரு.

மறக்காமல் டிக்கெட் எடுத்த விவரத்தை ஸ்டுடியோ நம்பருக்கு மட்டும் அனுப்பு. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான் ஒருத்தியாகத்தான் வருவேன். உன் முகத்தை முதலில் நான் பார்த்துப் பழகிக்கொள்கிறேன், பிறகு அப்பாவிடம் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகனி