சந்தனம் வைத்த அட்டை

வில்லாபுரம், மதுரை.
ஐப்பசி 23, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ அங்கே குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர் நாக்குதான் கட்டுக்குள் இல்லை, தீர்ந்துபோன அதிரச டப்பாவை இன்னும் தினம் ஒரு தடவை தட்டிப் பார்க்கிறார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கையால் எழுதுகிறேனே என்று நினைக்காதே, தாளைப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிட்டு நாளை தபாலிலும் சேர்ப்பேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்டதும் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். நிறுத்தக்கூடிய விஷயம் இல்லை இது.

செயலியில் ராமக்காள் பெயர் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேட்டாய். ஒரு தடவை சிக்னல் சரியில்லை என்றேன், ஒரு தடவை கல்லூரித் தாள் திருத்த வேண்டும் என்றேன், மூன்றாவது தடவை போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

உன் கம்பெனியின் குடைநிழல் செயலியை நம் தெருவில் போட்டுப் பார்த்து, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லி ஆடி மாதம் கேட்டிருந்தாய். புள்ளியியல் நடத்துகிறவள், அம்மா உள்ளதை உள்ளபடி எழுதுவாள் என்று உன் மேலாளரிடம் சொன்னதாகவும் சொன்னாய். பாதுகாப்பு என்று பெயர் சொல்லி விற்கிற எதையும் நான் இரண்டு தடவை பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் நீ கேட்டதால் ஒத்துக்கொண்டேன். தெருச் சங்கச் செயலாளர் மலைச்சாமி அண்ணன், ரிட்டயர் ஆன கண்டக்டர், அவர்தான் முன்னால் நின்றார். நம்ம முனி வேலை பாக்குற கம்பெனிம்மா, நம்மளையே ஏமாத்துமா என்று சொல்லிச் சொல்லியே இருபத்தெட்டு வீட்டைச் சேர்த்துவிட்டார். வீட்டில் உள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போன் படத்தில் புள்ளியாகத் தெரிந்தது. கேட்டுத் தூணில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கியூஆர் அட்டையை ஒட்டினோம், வருகிறவர்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதை ஸ்கேன் செய்தால் நேரத்தோடு நமக்குச் செய்தி வரும்.

கருத்துகள் கேட்டாய் அல்லவா, இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மலைச்சாமி அண்ணனுக்கு ஒரு மாதத்திலேயே வெறுத்துவிட்டது. முப்பது வருசம் ஊருக்கே டிக்கெட் கிழிச்சவன் நான், இப்ப எந்த டீக்கடையில நிக்கிறேன்னு பாத்து என் பொண்டாட்டி எனக்கு டிக்கெட் கிழிக்கிறா என்றார். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளிக்கோ அது இல்லாமல் முடியாது. சென்னையில் இருக்கும் மகனுடைய புள்ளி ஆபீஸை விட்டு நகர்ந்தால்தான் அவள் தட்டில் சோறு போடுகிறாள், அவன் சாப்பிடப் போயிட்டான், இனி நானும் உக்காரலாம் என்கிறாள். கோலமாவு விற்கும் பேச்சிமுத்து நம் கேட்டில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர், உங்க வீட்டுக்குள்ள வாரதுக்கே காசு கட்டணுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எல்லாவற்றையும் எழுதினேன். பாத்திரம் கழுவ வந்த ராமக்காளிடம் அட்டையைக் காட்டி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எல்லாருமே இதைக் காட்டிட்டுத்தான் வரணுமா டீச்சர், இல்ல நாங்க மட்டுமா என்றாள். எல்லாரும்தான் என்றேன். அன்று சாயங்காலம் செல்லக்கிளி கறிவேப்பிலைக்கு வந்தாள், ஸ்கேன் செய்யவில்லை, நானும் சொல்லவில்லை. ராமக்காள் கேட்டதை நான் எழுதிக்கொள்ளவில்லை, அதை ஒரு கருத்தாகவே நான் எண்ணவில்லை. தெருவில் முதல் ஆளாகச் சரியான கேள்வி கேட்டது அவள்தான் என்று இப்போது தெரிகிறது.

பதினைந்து வருசமாக அவள் நம் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள், உனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டி வேனில் ஏற்றியதெல்லாம் அவள்தான், நான் முதல் பீரியடுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று காலை ஏழு மணிக்கு வந்து ஸ்கேன் செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, நான் குளித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். மிக்சி, கிரைண்டர், அப்பாவின் வண்டி, அரிவாள்மனை, கடைசியில் கேட்டு. கேட்டுக்கு வைத்த கை அட்டையிலும் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமத்தை வைத்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்று வகுப்பில் பேசுகிறவள் நான், கை தன் பாட்டுக்கு வைத்துவிட்டது. புத்தகங்களோடு என் எம்.ஏ. தங்கப் பதக்கத்தையும் பூஜையில் வைத்திருந்தேன், வருசம் ஒரு தடவை அதை வெளியே எடுப்பதில் எனக்கு இருக்கிற பெருமையை நீ கேலி செய்வாய். சாயங்காலம் நானும் அப்பாவும் அழகர்கோவிலுக்குப் போய் வந்தோம். மறுநாள் விஜயதசமி, புத்தகக் கட்டைப் பிரித்தேன், பதக்கம் இல்லை.

நான் உடனே போனைத்தான் திறந்தேன் முனீஸ்வரி. வீட்டை ஒரு தடவை கூட்டிப் பார்க்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை. அதில் ராமக்காள், உள்ளே ஏழு மணி இரண்டு நிமிடம், வெளியே பதிவு இல்லை என்று இருந்தது. நாங்கள் கோவிலுக்குக் கிளம்பும்போது அவள் உள்ளேயே எங்கோ இருந்தாள், பிறகு பின்கதவு வழியாகப் போயிருக்கிறாள் என்று நானே ஒரு கதையைக் கட்டினேன். இல்லாத பதிவை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று இருபது வருசமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்.

அடுத்த நாள் அவள் வந்ததும் நான் சத்தம் போடவில்லை, எனக்குச் சத்தம் போடத் தெரியாது, அது இன்னும் மோசம் என்று இப்போது நினைக்கிறேன். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, நீ வெளியே போனதாகவே இதில் இல்லையே என்றேன். போகாம ராத்திரி பூரா உங்க வீட்டுக்குள்ளயா டீச்சர் உக்காந்திருந்தேன் என்று கேட்டாள். கேட்டுவிட்டு இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து ஏதோ காட்ட வந்தாள். நான் கையை நீட்டித் தடுத்து, வேண்டாம், இது பொய் சொல்லாது என்றேன். அவள் கழுவ எடுத்த பால் சட்டியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போதும் ஸ்கேன் செய்யவில்லை. நான் செயலியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை என்பதை அமுக்கினேன், காரணம் என்ற இடத்தில் பொருள் காணவில்லை என்பதைத் தொட்டேன், இருபத்தெட்டு வீட்டிலும் அவள் பெயர் சிவப்பாகிவிட்டது. இது மொத்தமும் பத்து நிமிடத்தில் நடந்தது.

அப்பா சாயங்காலம் விஷயம் தெரிந்து, ராமக்காள் அப்படிச் செய்யாதுப்பா, நீ அவசரப்பட்டுட்ட என்றார். உங்களுக்கு எல்லாரும் நல்லவர்கள் என்று வாயை அடைத்தேன். அந்த வாரமே செல்லக்கிளி வீட்டிலும் மலைச்சாமி அண்ணன் வீட்டிலும் இனிமேல் வர வேண்டாம் என்று ராமக்காளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் மகள் பவதாரிணி, கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாளே, அவள் மலைச்சாமி அண்ணன் பேத்திக்குத் தீபாவளி முடிந்து டியூஷன் எடுப்பதாக இருந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே போன் நம்பர், டியூஷனுக்காக மகள் பெயரைப் பதிந்ததும் அதுவும் சிவப்பாக வந்திருக்கிறது. டியூஷனும் நின்றுபோனது. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டபோது ராமக்காளுக்கு எடுத்து வைக்கும் தூக்குவாளியைப் பழக்கத்தில் கழுவிவிட்டுத் திரும்பக் கவிழ்த்து வைத்தேன்.

போன வியாழக்கிழமை வினாத்தாள் போட என் பழைய புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தேன். நடுவில் பதக்கம் இருந்தது. கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நானே புத்தகத்துக்குள் செருகியது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. விஜயதசமி அன்று எல்லாரும் செய்வது போல ஒரு பக்கம் திறந்து படித்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். அதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் அலமாரியில் வைத்தவளும் நான்தான்.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவனியாபுரம் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருசத்தில் முதல் தடவை, வழி கேட்டுக் கேட்டுப் போனேன். உட்காருங்க என்று பாய் போட்டாள். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினேன். இப்ப என்ன டீச்சர் புதுசா நீங்க வாங்கன்னு, பழையபடியே பேசுங்க, எனக்கு வெளங்கும் என்றாள். பவதாரிணி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஆயுத பூஜை அன்று காலை எட்டு நாற்பத்தொன்று, நம் கேட்டு அட்டை, ஈரம் காயாத என் சந்தனம். ஸ்கேன் ஆகலைன்னா போட்டோ எடுத்து வைம்மான்னு நான்தான் மேடம் சொல்லியிருந்தேன், இதுல மூணு மூலையில கட்டம் இருக்குல்ல, ஒண்ணு மறைஞ்சாலும் அது படிக்காது, உங்க சந்தனம் சரியா அதுல ஒரு மூலை மேல இருக்கு என்றாள். கோபமே இல்லாமல், தேர்வில் விடை சொல்வது போல. ராமக்காள், கேட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன்ல, கையை நீட்டித் தடுத்துட்டீங்க என்றாள். அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். நம் அடுப்படி ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருந்த டம்ளரைக் காட்டி அது ஏன் அங்கே இருக்கிறது என்று பன்னிரண்டு வயதில் நீ கேட்டாய், பழக்கம் என்றேன். அட்டையில் சந்தனம் வைத்ததும் பழக்கம்தான். பழக்கம் என்று சொல்லிவிட்டு நான் எத்தனை இடத்தில் யோசிக்காமல் இருந்திருக்கிறேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன்.

வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். வர மாட்டேன் டீச்சர், அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துருங்க, எனக்காக இல்ல, புள்ள நம்பரும் அதுதான் என்றாள். எடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால், எச்சரிக்கையை நீக்கக் காரணம் கேட்கிறது. இரண்டே காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பொருள் திரும்பக் கிடைத்தது. அதைத் தொட்டால், அவள் எடுத்துப் பிறகு பயந்து கொண்டுவந்து வைத்தாள் என்றுதான் தெரு படிக்கும். மற்றது, இரு தரப்பும் சமாதானம். நாங்கள் சமாதானம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அதனால் இரண்டையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

எனவே நீ கேட்ட கருத்தை இப்போது எழுதுகிறேன், உன் மேலாளரிடம் பெயரோடு காட்டு. மூன்றாவதாக ஒரு காரணம் வேண்டும். புகார் சொன்னவர் செய்த தவறு என்று அதில் இருக்க வேண்டும், சொன்னவரின் பெயரும் சிவப்பு காட்டிய எல்லா வீட்டிலும் தெரிய வேண்டும். யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் அழித்துவிடலாம் என்று நீ நினைப்பாய், எனக்காக அப்படிச் செய்துவிடாதே. சத்தமில்லாமல் அழித்தால் காப்பாற்றப்படுகிறவள் நான்.

அதுவரை என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். அவள் வீட்டிலிருந்து வந்த அன்றே சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மலைச்சாமி அண்ணன், விடுங்கம்மா, எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான என்றார், எனக்கு அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. அதனால் கேட்டில் அந்த அட்டைக்கு மேலேயே ஒரு தாளை ஒட்டினேன். ராமக்காள் எதையும் எடுக்கவில்லை, பதக்கம் என் புத்தகத்தில் இருந்தது, தப்பு என்னுடையது, தமிழ்ச்செல்வி என்று எழுதியிருக்கிறேன். அப்பா, செல்வி, தெருவுல போற வாரவங்க அம்புட்டுப் பேரும் படிப்பாங்கப்பா என்றார். அதற்குத்தான் என்றேன். அன்றைக்கு மழையில் மை கரைந்துவிட்டது, நேற்று மறுபடி எழுதி ஒட்டினேன், இன்று காலை அதுவும் கரைந்திருந்தது. மூன்றாவது தடவை எழுதிக் காயவைத்து ஒட்டிவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேச்சிமுத்து நின்று எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்துவிட்டு, இன்று சிரிக்காமல் போனார்.

நம் குலசாமி உன் கூடவே இருக்கட்டும், உன் கையால் யாருக்கும் இப்படி ஒரு காரியம் நடக்காமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. ராமக்காளுக்குப் போன் செய், அவள் உடம்பைக் கேள், பவதாரிணியின் படிப்பைக் கேள். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே.

உன் அம்மா,
தமிழ்ச்செல்வி.