எதற்கு அந்த மூன்று நாள்

ஜூன் 9, 1969 – திங்கள்

மில் ஆபீசில் நேர்முகம். வந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். டைப் வேகம், ஆங்கிலக் கடிதம் இரண்டிலும் குறை சொல்லவில்லை. கடைசியில் மேனேஜர், "ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார்.

வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "மாதத்தில் மூன்று நாள் மட்டும் வேலையை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து தருகிறேன் சார்."

"எதுக்கு?"

அதற்கு நான் வாக்கியம் தயார் செய்திருக்கவில்லை.

"டைப்ரைட்டரத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போவியாம்மா?"

பக்கத்தில் இருந்த கணக்கர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். நான் ஏன் சிரித்தேன்?

ஜூன் 10

அம்மா கேட்டாள். "ஆள் எடுத்தாச்சாம்" என்றேன். பொய் இல்லை.

ஜூன் 19 – வியாழன்

இன்று சீட்டுக் கம்பெனி. இந்தத் தடவை காரணம் கேட்டால் விரதம் என்று சொல்வதாக முடிவு செய்துகொண்டு போனேன். கேட்டார்கள். சொன்னேன்.

"என்ன வெரதம்?" என்றார் முதலாளி. நெற்றி நிறையத் திருநீறு.

"ஏகாதசி."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏகாதசி மாசத்துக்கு ரெண்டு நாள்லம்மா வருது. நீ மூணு கேக்குற. அதுவும் சேந்தாப்புல கேக்குற" என்றார். பிறகு உண்மையான அக்கறையோடு, "உனக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காக" என்றார்.

பி.ஏ. படித்தவளுக்கு ஏகாதசி எத்தனை என்று தெரியவில்லை. வேலையும் இல்லை. வாசல்படி இறங்கும்போது காது இரண்டும் எரிந்தது.

ஜூன் 28 – சனி

காலையிலிருந்து பின்கொட்டகையில் இருக்கிறேன். தட்டு, டம்ளர், பாய், இந்த நோட்டு. நாளையும் மறுநாளும் இங்கேதான்.

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். அது அப்பாவின் பட்டறை வழியாகப் போகிறது. பட்டறையில் இப்போது சிங்கம்புணரிப் பக்கத்துக் கோயிலுக்கு ரிஷப வாகனம் செய்கிறார். சாமி ஏறுகிற மரத்தை இந்த நாட்களில் நான் கடக்கக் கூடாது. வாகனம் போனால் கோயில் கதவு வரும். கதவு போனால் தேர்ச்சட்டம் வரும். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதம் வந்தால்தான் எனக்கு வழி. அப்படி ஒரு மாதம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள முடியுமா?

கல்லூரியில் மூன்று வருடமும் மாதாமாதம் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பேராசிரியர் மலேரியாவா என்று விசாரித்தார். ஆபீசில் எத்தனை மாதம் காய்ச்சல் வரும்?

காலையில் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "சேலைய ஒதுக்கிக்கிட்டு ஓரமாப் போறேம்மா."

"ஓரமும் பட்டறதான்டி. வேல கெடச்சா மட்டும் சாமி எந்திரிச்சுப் போயிருமா?"

நான் இதை எந்த ஆம்பளகிட்டப் போய்ச் சொல்றது? எந்த வாயால சொல்றது? தூரம், விலக்கு, வெளியே இருக்கா – இதற்கு எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூட ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லக்கூடியதாக இல்லை.

ஜூலை 10 – வியாழன்

அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலை. இதையாவது உண்மையிலேயே வீட்டில் செய்யலாம். தாள், பேனா, கண் போதும்.

அப்பாவும் வந்தார். அச்சு கோக்கிறதைப் பார்க்க வேண்டுமாம்.

முதலாளி சத்தியமூர்த்தி ஒரு பாடப்புத்தகத் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். திருத்தியதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "எங்க ஆளு இதையெல்லாம் விட்டுட்டானே" என்றார். என் வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "புரூப்பு உங்க வீட்டுக்கும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தா மிஷின் சும்மா நிக்கும்மா. இருந்தாலும் யோசிக்கலாம். காரணத்தச் சொல்லு."

தரையைப் பார்த்தேன்.

"படிக்கிறியா? வேற எங்கயும் வேல பாக்குறியா? வீட்டுல யாருக்கும் ஒடம்புக்குச் சரியில்லையா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார். "ஆசாரி, நீங்களாச்சும் சொல்லுங்க. எதுக்கு இந்த மூணு நாளு?"

அந்த அறையில் காரணம் தெரிந்த ஒரே ஆண் அப்பாதான். அவர் குனிந்து மேசைக் காலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "இந்தக் காலு ஆடுதுங்களே ஐயா" என்றார்.

"ஆடட்டும். கேட்டதுக்குச் சொல்லுங்க."

அப்பா ஒரு கழிவுத் தாளை மடித்து அந்தக் காலடியில் சொருகினார்.

"சரி. தெனமும் வர முடியுமான்னு திங்கக்கிழம வந்து சொல்லு. முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கிர்றேன்."

திரும்பும்போது அப்பா எனக்கு முன்னால், வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

ஜூலை 11

யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. கேட்டவர்கள் மேலா? அவர்கள் கேட்டது நியாயம்தானே.

ஜூலை 13 – ஞாயிறு

விடியற்காலையில் கடப்பாரைச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், கொட்டகைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் துவாரம். அதன் வழியாகப் பின்சந்து தெரிந்தது. அப்பா மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாச்சியாபுரத்துக்காரர் வீட்டுக்கென்று செய்து வைத்திருந்த கதவு நிலை.

ஊரில் யார் வீட்டில் நிலை வைப்பதென்றாலும் நேரம் குறிக்காமல் அப்பா உளி எடுக்க மாட்டார். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம் எல்லாம் வேண்டும். இன்று ஒன்றும் இல்லை. ராகுகாலம்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாலைக்குள் கதவும் மாட்டியாயிற்று.

"இதென்னப்பா?"

"வெறகு எறக்கச் சௌகரியமா இருக்கும்."

அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "ஆமா, வண்டி வண்டியா வருதுல்ல வெறகு!" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சுவரை இடிப்பதும் ஒரு சொல் சொல்வதும் – அப்பாவுக்குச் சுவர்தான் சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்கும் அப்படித்தானே?

ஜூலை 14 – திங்கள்

"எல்லா நாளும் வருவேன் சார்."

"அப்ப அந்த மூணு நாளு?"

"சரியாப்போச்சு சார்."

"எது சரியாப்போச்சு?"

கடவுளே. நல்லவேளை, யாரோ கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்துவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

ஜூலை 24 – வியாழன்

முதல் தடவையாகப் பின்கதவு வழியாக வேலைக்குப் போனேன். சந்தில் மலையம்மாள் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பி.ஏ., இன்னைக்கு இங்குட்டாக்க கெளம்பிட்ட?" என்றவள், ஒரு கணம் யோசித்து, "ஓகோ!" என்றாள். "பாத்துப் போ. பஸ்ஸுல கெழவி எவளையும் தொட்டுறாத, சாபம் விடுவா."

எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தியின் புருஷனும் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று இடங்களில் கேட்டும் நான் வாய் திறக்காத விஷயம். இனி மாதாமாதம் ஒரு சந்துக்கே தெரியும், தேதி வாரியாக. நாளை ஒரு தடவை. மறுநாள் இன்னொரு தடவை. அச்சகத்தில் நாள் முழுக்கத் தாள்மேல் கண் நிற்கவில்லை. 'அரசி'யை 'அரிசி' என்று விட்டுவிட்டேன். சத்தியமூர்த்தி சார் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 28 – திங்கள்

நேற்றே தலை முழுகியாயிற்று. இன்று முன்வாசல் வழியாகப் போகலாம். அப்பா எனக்காகப் பட்டறையில் கிடந்த மரத்தூளைக் கூட்டி ஒதுக்கி வைத்திருந்தார்.

"போயிட்டு வாரேம்ப்பா" என்று முற்றத்திலிருந்தே சொல்லிவிட்டு, பின்பக்கம் திரும்பினேன். உளிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

சந்தில் மலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, இன்னுமா முடியல?"

"முடிஞ்சிருச்சு அத்தே. இனிமே தெனமும் இங்குட்டுத்தான்."

என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அடி இவளே! அப்பறம் நாங்க எப்புடிடி கண்டுபிடிக்கிறது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நடையை எட்டிப் போட்டேன்.