வயிறு நிறையத் தண்ணீர்

"ஒரு லிட்டர் குடிச்சிட்டு உக்காருங்க சார், முட்டினதும் சொல்லுங்க" என்று ஸ்கேன் அறைப் பெண் பாட்டிலைக் கொடுத்தாள். எனக்குச் சிறுநீர் அடைப்பு. இரண்டு வாய் இறங்கியதுமே உன் நினைவு வந்துவிட்டது.

வேலூரில் ஸ்கேன் வந்த புதிது. நமக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தைக்கு மருந்து தொடங்குமுன் சினைப்பையைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. டெஸ்ட் என்றால் வெறும் வயிறு என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது நான் டீ குடித்தேன். நீ தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"தண்ணி ரொம்பினாத்தாம்மா சினைப்பை தெரியும்" என்று வெளியே அனுப்பினார்கள். பானையருகில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்தாய். "இன்னாங்க, ஒரு ஏரியே உள்ள போயிடுச்சி. ஜல்தி கூப்புடச் சொல்லுங்க" என்று நெளிந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "ரெண்டு சினைப்பையும் நல்லாயிருக்கு. முட்டை வளருது. மருந்துக்கு முன்னாடி வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாய்: "பத்திரிகைக்கு எந்தச் செய்தின்னாலும் ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் எழுதுவேன்னு சொல்லிகினு இருப்பீங்களே. போய்க் காட்டிகினு வந்துடுங்க."

அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் ஏதோ மறியல், அதற்கடுத்து ஒரு தேர்தல். எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே வரவில்லை.

ஸ்கேன் எடுத்துத் திரும்பிய அன்று மாலை வாசலிலேயே அம்மா கேட்டார்: "டாக்டர் இன்னா சொன்னாங்க?" நான் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "எனக்குத்தான் கோளாறு அத்தை."

நான் மறுக்கவில்லை. தெருவில் வளைகாப்பு என்றால் உன்னைக் கூப்பிடமாட்டார்கள். அப்படிக் கூப்பிடாத நாட்களில் வீட்டில் இருக்கும் துணியெல்லாம் எடுத்துத் துவைப்பாய். துவைத்ததையும் மறுபடி துவைப்பாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. டெஸ்டுக்கும் போகவில்லை.

இன்று பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கேட்டார்: "பசங்க யாரும் கூட வர்லீங்களா?"

"பசங்க இல்லீங்க."

"அய்யோ. வூட்டம்மாவுக்கு எதனா கொறையா?"

"அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அன்னைக்கே ஸ்கேன்ல பாத்துட்டாங்க. நான்தான் போய்க் காட்டிக்கல."

அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு, "தண்ணியக் குடிங்க" என்றார்.

நீ போனபிறகும் உன் ரிப்போர்ட் இன்னும் என் பையில் இருக்கிறது. படம் வெளுத்துவிட்டது, 'நார்மல்' என்ற எழுத்து மட்டும் அழியவில்லை. மீதித் தண்ணீரையும் குடித்தேன்.