அடுத்த வீட்டு ரயீசா

2023 செப்டம்பர் 29
அடுத்த வீட்டு ரயீசா அம்மாளின் டிவி இன்றும் அலறியது. போய்க் குறைக்கச் சொன்னேன்.
"மரியுபோல்ல குண்டு விழுந்து ஒரு காது போச்சு, இன்னொண்ணு அரைகுறை. உங்க ஊரு மிக்கோலாயிவ்ல குண்டு போட்டவன் உங்களுக்கு ரெண்டு காதையும் விட்டுவச்சிருக்கான், அந்தத் திமிரு!" என்று கதவைச் சாத்திவிட்டார். நான் ஊரில் டிராம் ஓட்டிய முப்பது வருடத்தில் இப்படியொரு பயணியைக் கண்டதில்லை. போருக்குத் தப்பி அகதியாக இந்த அஷ்கெலோன் வந்தும் நிம்மதியில்லை.

அக்டோபர் 7
காலை ஆறரைக்கு ராக்கெட் எச்சரிக்கைச் சைரன். கட்டடமே பதுங்கு அறைக்கு ஓடி வந்துவிட்டது. ரயீசா அம்மாளைக் காணோம். கேட்டிருக்காது! திரும்ப மூன்று மாடி ஏறிக் கதவை இடித்தேன். பயனில்லை. என் பால்கனியிலிருந்து அவர் பால்கனிக்குத் தாண்டினேன் — அறுபத்துமூன்று வயதில். கீழே பார்க்கவில்லை. அடுப்படியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியாலேயே ஓங்கி ஒன்று வைத்தார். "திருடன்! திருடன்!" நான் வானத்தைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.
கடவுளே, மறுபடியுமா?

அக்டோபர் 8
தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று ஒன்பது முறை இறங்கினோம்.

அக்டோபர் 13
பாதுகாப்புக்காக எங்களைத் தெற்கே எய்லாத் ஊருக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அங்கே ஓட்டலில் தங்கவைக்கிறார்களாம். கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். என் மனைவி ஹலீனாவின் கல்லறையை ஊரில் விட்டு வந்ததைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை.
"அவங்களை மண்ணு பாத்துக்கும். உங்களை யாரு பாத்துக்குறா?"

நவம்பர் 2
போலந்திலிருந்து அவர் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறானாம். "போங்க, நல்லதுதான்" என்றேன்.
முட்டாள். முட்டாள்.

நவம்பர் 4
ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அவராகவே ஆரம்பித்தார்.
"போகாதேன்னு சொல்ல வாயில்லையா?"
"சொன்னா கேக்கவா போகுது உங்களுக்கு?"
"சத்தமாச் சொல்லிப் பாக்குறது!"
சொன்னேன். முந்நூறு பேர் தட்டிலிருந்து தலைதூக்கினார்கள். சமையற்காரர் கைதட்டினார். ரயீசாவின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.
"இன்னொரு தடவை" என்றாள்.

டிசம்பர் 19
மகன் மறுபடி கூப்பிட்டான், இந்த முறை என் போனில். "ரெண்டு பேருமே வந்துருங்க. வீடு சின்னதுதான், பரவாயில்லையா?"
நாளை விமானம். வீட்டை விட்டு மிக்கோலாயிவில் ஒருமுறை கிளம்பினேன், அஷ்கெலோனில் ஒருமுறை. இது மூன்றாவது. இந்தத் தடவை ஒரே பெட்டி. நான் மடித்து வைத்த சட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். "இப்படியா மடிப்பாங்க? தள்ளு நீ."
தள்ளி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.