வேர் நுனி இல்லாத துண்டு

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், அவருடைய மூட்டுவலி அவரைவிட நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறையும் வராது. போனில் பேசினால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலாண்டு உயிரியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. உன் பெண்டாட்டியும் என் வகுப்பில்தான் படிக்கிறாள், உனக்கு ஒரு பெண்டாட்டி இருப்பது நினைவிருக்கிறதா? கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறினாய், அடுத்த மாதம் அழைத்துக்கொள்கிறேன் என்றாய், அந்த அடுத்த மாதம் இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று நான்தான் அவளை என் கல்லூரியில் சேர்த்தேன். வீட்டில் அத்தை, ஆய்வகத்தில் மேடம், ஒரு நாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. நானும் அவளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை, குறைத்திருக்கிறேன்.

இந்த முறை ஒரு வேலை செய்தேன். வெங்காய வேரின் நுனியில்தான் செல்கள் பிரியும், கொஞ்சம் மேலே போனால் நீளுமே தவிரப் பிரியாது. நுனியை வெட்டி எறிந்துவிட்டு மேல்துண்டுக்குச் சாயம் ஏற்றி எல்லோருக்கும் வைத்தேன், தெரிவதை வரையுங்கள் என்றேன். அத்தனை பேரும் ஒரு கண்ணை மூடி நுண்ணோக்கிக்குள் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை வரைந்தார்கள். குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன, இரண்டு பக்கமும் இழுபடுகின்றன, குறுக்கே சுவர் எழும்புகிறது, அடடா என்ன அழகு. எல்லோருக்கும் முட்டை போட்டேன். அழுதார்கள், அழட்டும். பள்ளியில் படம் வரையும்போது சுவரே இல்லாத விலங்கு செல்லுக்குச் சுவர் கட்டியவன் நீ, இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பாய். உன் பெண்டாட்டி மட்டும் நீள நீளமாகப் பெட்டிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் உட்கருவை வைத்து, கீழே செல் பிரிதல் எதுவும் தென்படவில்லை என்று எழுதியிருந்தாள். புத்தகம் படிக்கவில்லையா என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன். "படிச்சேன் மேடம், ஆனா இதுல இல்லை" என்றாள். முழு மதிப்பெண் போட்டேன், பழக்கமில்லாமல் கை கூசியது.

அன்று சாயங்காலம் அப்பாவின் தங்கை வந்தாள். புருஷனிடம் எப்போது போகப்போகிறாய் என்று உன் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு வேறு என்ன வேலை. வழக்கமாக அப்பா விசா வந்துகொண்டிருக்கிறது என்பார், நான் அடுத்த மாதம் என்பேன். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் உன் பெண்டாட்டி, "அப்படி எதுவும் தெரியலைங்க, தெரிஞ்சா சொல்றேன்" என்றாள். அப்பா எழுந்து போய் டிவியைப் போட்டார். மறுநாள் பாத்திரம் கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "இன்னும் காத்திருக்கணுமா அத்தை?" உன்னைப் பெற்றவள் என்ன சொல்வாளோ அது நாக்கு வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டு வேண்டாம் என்றேன். போன வாரம் விடுதிக்குப் போய்விட்டாள், பெட்டியை அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். நீ படித்த மேசையையும் கொடுத்தனுப்பினேன், உன்னைவிட அவளுக்கு உபயோகப்படும். வக்கீலைப் பார்த்துக் கொடுத்ததும் நான்தான், அவளைத் திட்டாதே.

குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு, வயிற்றில் சுமந்தவள் வேறென்ன சொல்வேன். வக்கீல் அனுப்பும் காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த மாதம் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா