மருமகளுக்குத் துணையாகக் கடற்கரைக்கு

டிசம்பர் 2, செவ்வாய்

எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் ஃபோனே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் ஜுஹைனா பழக்கிவிட்டிருக்கிறாள். பேசுகிறேன்.

சுபுஹு தொழுதுவிட்டு டீக்கடையில் நின்றேன். குற்றாலம் ரோட்டில் ஐயப்பமார் வேன்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி அவள் ஓடி வருகிறாள். தலையில் முக்காடு, காலில் ஷூ. அகமது கபீர் கேட்டான்: "ஓய், ஒம்ம மருமவள யாரு வெரட்டுதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதுக்குச் சிரித்தேன்?

டிசம்பர் 5

தூத்துக்குடிக் கடற்கரை ரோட்டில் கிறிஸ்துமஸ் ஓட்டமாம். மேடே கிடையாதாம். எல்லோரும் சிவப்புக் குல்லா போடவேண்டுமாம். ஓடுகிற தூரம் இருபத்தோரு கிலோமீட்டராம்; இங்கேயிருந்து கடையநல்லூரையும் தாண்டிப் போகும். அதுக்குத்தான் பஸ் இருக்கிறதே.

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

"ஓடி முடிச்ச எல்லாருக்கும் மெடல் மாமா."

எல்லோருக்கும் கொடுத்தால் அது என்ன பந்தயம்?

டிசம்பர் 9

சவூதி தம்மாமிலிருந்து மகன் மன்சூர் ஃபோன். அவள் ஓடுகிறதை யாரோ வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறான். "இனிமே ஓடினா அவ உம்மா வீட்டுல கொண்டு விட்டுருங்க வாப்பா."

அவள் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். "நீங்க வேண்டாம்னா நிப்பாட்டிருதேன் மாமா. அவுக சொல்லி நிப்பாட்ட மாட்டேன்."

என் தலையில் ஏன் கட்டுகிறாள்? முறை என்று பார்த்தால் மகன் பேச்சுதான். ஆனால் என் வீட்டுக்காரி சைதூன் மௌத்தாகிப் போன நாளிலிருந்து எனக்குச் சோறு போடுவது இவள். மன்சூரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு, வழியில் கயத்தாறில், இவள் வேனை நிறுத்தச் சொல்லி எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பச்சைச் சேலை. எல்லாம் நினைவிருக்கிறது. ஆமாவா இல்லையா, அந்த ஒரு வார்த்தைதான் வரமாட்டேங்குது.

டிசம்பர் 10

பதில் இன்னும் பாக்கி. கேட்டுவிடுவாளோ என்று சீக்கிரமே படுத்துவிட்டேன்.

டிசம்பர் 17

"தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெட்டி அடுக்குகிறாள். சம்மதமா அது? மன்சூருக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு. தூத்துக்குடி

ஓட்டம் கிளம்பிவிட்டது. துணைக்கு வந்தவன் கூடவே போகவேண்டாமா? ஏசுவடியான் என்று ஓர் ஆட்டோக்காரர். "அந்தப் பிள்ளை பின்னாலேயே போங்க" என்று ஏறி உட்கார்ந்தேன். போலீஸ்காரர் மறித்துவிட்டார். "பெரியவரே, இது ஓட்டம். கல்யாண ஊர்வலம் இல்ல. இறங்கும்."

இறங்கி நடந்தேன். ரோடு நேராகக் கிடக்கிறது, ஒரு வளைவு இல்லை. ஆனாலும் ஆளைக் காணவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே — மன்சூர் கேட்டால் என்ன சொல்ல?

நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன பக்கமிருந்தே ஆட்கள் வருகிறார்கள். போன வழியே திரும்புவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? எல்லார் தலையிலும் சிவப்புக் குல்லா. இதில் எவள் இவள்?

ஒரு குல்லா என் முன்னால் வந்து நின்றது. "மாமா, ஏன் வெயில்ல நிக்கிய? நெஞ்சு வலிக்கா? வாங்க, ஊருக்குப் போயிரலாம்." அவளுக்கு மூச்சு வாங்குது, என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பின்னால வந்தவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போறாங்க. எனக்குக் கோபம் வந்துட்டு. யார் மேல?

"கையை விடுட்டி. எனக்கு ஒண்ணுமில்ல. ஓடு."

ஓடிட்டா. அந்த வார்த்தை எங்கன இருந்து வந்தது?

டிசம்பர் 22

நானே மன்சூரைக் கூப்பிட்டேன். "ஓடினா. நான்தான் ஓடச் சொன்னேன். உம்மா வீட்டுல விடணும்னா நீ வந்து விடு. என்னால ஆகாது."

ஃபோனை வைத்துவிட்டான். செய்தது சரியா, தப்பா?

டிசம்பர் 29

மன்சூரிடமிருந்து ஃபோன் இல்லை. அவளுக்கும் இல்லை. குடியைக் கெடுத்துவிட்டேனோ?

ஜனவரி 4

அசர் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு ஃபோன் வந்தது. உள்ளே போய்ப் பேசினாள். நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தஸ்பீஹ் மணி கையில் இருந்தது, ஓதினேனா, தெரியவில்லை.

வெளியே வந்து ஸ்கேலைத் தேடினாள். சுவரோரம் குதிகாலை வைத்துக் குனிந்தாள்.

"என்ன புள்ள?"

"அவுக என் ஷூ அளவு கேக்காக மாமா. அங்கன நல்லது கிடைக்குமாம்."

இவனும் எனக்குப் புரியவில்லை. ஸ்கேல் நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.